ஆசிரியர்களுக்கு வன்முறைத் தடுப்புப் பயிற்சி: ஒரு நாள் வகுப்பால் ஏதாவது நடக்குமா?

#1 சாக்பீஸ்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் ஆறு முதல் பத்து வரை வகுப்புகள். இந்தப் பருவத்தில் அடிதடி கொஞ்சம் கூடிவிட்டது. "ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி ஏற்பாடு பண்ணுங்கள்" என்று ஹெச்.எம். பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். இரண்டு அரைநாள் தருகிறாராம்.

இதற்கு முன்பும் ஒன்று நடந்தது. வெளியிலிருந்து ஒருவர் வந்து ஸ்லைடு போட்டார். வன்முறையின் வகைகள், காரணங்கள், குழந்தைகளின் உரிமைகள். நன்றாகத்தான் பேசினார். குரூப் போட்டோ, சான்றிதழ் எல்லாம் ஆயிற்று. அடுத்த வாரமே இன்டர்வெல்லில் மாடிப்படித் திருப்பத்தில் இரண்டு பையன்கள் கட்டிப் புரண்டார்கள். பக்கத்தில் மூன்று ஆசிரியர்கள் இருந்தார்கள். யார் உள்ளே போவது, யார் கூட்டத்தைக் கலைப்பது, பிரித்த பிறகு இருவரையும் எங்கே கூட்டிப்போவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஸ்லைடில் அதெல்லாம் இல்லை.

இந்த இரண்டு அரைநாளில் எதை வைத்தால் உருப்படியாக இருக்கும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். நீளமாகச் சொன்னாலும் படிப்பேன்.

#2 கடைசிபெஞ்ச்

பாடம் நடத்தணும், விடைத்தாள் திருத்தணும், படிவம் நிரப்பணும். இப்போது போலீஸ் வேலையும் சேர்ந்துகொண்டதா? பயிற்சி என்ற பெயரில் ஒரு சனிக்கிழமை போகும். அப்புறம் ஏதாவது நடந்தால் "உங்களுக்குத்தான் பயிற்சி கொடுத்தோமே" என்று நம்மையே நிற்க வைப்பார்கள். பாதிப் பள்ளிகளில் பயிற்சி நடப்பதே அதற்காகத்தான்.

#3 நடைபயிற்சி

கடைசிபெஞ்ச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சித் துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், சான்றிதழுக்காக நடக்கும் பயிற்சிகள் நிறைய. ஆனால் பயிற்சியே வீண் என்று முடிவு கட்ட வேண்டாம்.

நார்வே கதையைச் சொல்கிறேன். 1982 இறுதியில் அந்த நாட்டின் வடக்கே மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் தொடர் சீண்டல் காரணமாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. நாடே அதிர்ந்தது. மறுவருடம் அரசே நாடு முழுக்க ஓர் இயக்கத்தை ஆரம்பித்தது. டேன் ஆல்வியஸ் என்ற உளவியலாளர் பெர்கன் நகரத்தில் 42 பள்ளிகளில் சுமார் 2500 மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தார். சீண்டல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்று அவர் கணக்கு காட்டினார். இந்தப் பகுதி எல்லோருக்கும் தெரியும், எல்லா ஸ்லைடிலும் வரும்.

ஸ்லைடில் வராத பகுதி இது. அதே நாட்டில், அதே இயக்கத்தில், ரோகலாண்ட் என்ற பகுதியிலும் பள்ளிகளுக்கு அதே கையேடும் வீடியோவும் போயின. அங்கே மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் அப்படி ஒரு குறைவு தென்படவில்லை. இரண்டு ஆய்வுகளின் முறையும் வேறு, ஒப்பிடக் கூடாது என்று ஆல்வியஸ் வாதாடினார். அது அவர்கள் சண்டை. ஆனால் ஒரு வித்தியாசம் முக்கியம். பெர்கனில் ஆய்வுக் குழு பள்ளிகளோடு தொடர்பில் இருந்தது. உங்கள் பள்ளியில் நிலைமை இதுதான் என்று அந்தந்தப் பள்ளியின் கணக்கைத் திருப்பிக் கொடுத்தது, ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசியது. ரோகலாண்டில் பெட்டியில் வந்த கையேடு பெட்டியிலேயே இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

சாக்பீஸ், உங்கள் இரண்டு அரைநாளில் என்ன நடக்கிறது என்பதைவிட, அதற்கு அப்புறம் மாதாமாதம் என்ன நடக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். முதலில் அதற்கு ஹெச்.எம். தலையாட்டுகிறாரா என்று பாருங்கள்.

#4 பழைய ஹெச்எம்

முப்பது வருடத்துக்கு மேல் பள்ளி நடத்தியவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. எங்கள் காலத்தில் இந்தப் பயிற்சி எதுவும் கிடையாது. பிரம்பு மேஜைமேல் இருக்கும். எடுக்க வேண்டிய அவசியமே பல நாள் வராது. "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? பிரம்பைப் பிடுங்கிவிட்டு, இப்போது ஆசிரியரிடம் ஸ்லைடு காட்டுகிறார்கள்.

#5 மாடிப்படி

நான் ஆசிரியை இல்லை, அம்மா. குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும்.

என் மகனை ஒரு பையன் பருவம் முழுக்கத் தொல்லை பண்ணினான். பையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே போடுவது, பாத்ரூம் கதவை வெளியே இருந்து பிடித்துக்கொள்வது, ஒரு பட்டப்பெயர். அடி என்று சொல்ல ஒன்றுமில்லை, அதனால் காயமும் இல்லை. வகுப்பாசிரியையிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்லவர்தான். மறுநாளே இருவரையும் வகுப்பு முன்னால் நிற்க வைத்து, "இரண்டு பேரும் சாரி சொல்லிக் கை கொடுங்கள், இனிமேல் நண்பர்கள்" என்றாராம். என் மகன் எதற்கு சாரி சொல்ல வேண்டும்? கை கொடுக்கும்போதே அந்தப் பையன் விரலை நசுக்கியிருக்கிறான். சிரித்துக்கொண்டே. அன்றிலிருந்து அந்தப் பட்டப்பெயரோடு "கோள்மூட்டி" என்பதும் சேர்ந்தது. பிறகு அவன் எதையும் வீட்டில் சொல்வதில்லை.

உங்கள் பயிற்சியில் இதையும் யாராவது சொல்லித்தருவீர்களா?

#6 அறை எண் நான்கு

மாடிப்படி அம்மா எழுதியதைப் படித்ததும் பதில் போடாமல் இருக்க முடியவில்லை. நான் பள்ளி ஆலோசகர். ஆசிரியர்களிடம் அடிக்கடி பார்க்கும் விஷயம் இது, கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. சண்டைக்கும் சீண்டலுக்கும் ஒரே மருந்து கொடுக்கிறார்கள்.

சம பலம் உள்ள இரண்டு பேர் பந்துக்காக அடித்துக்கொண்டால் அது சண்டை. உட்கார வைத்து, இரண்டு பக்கமும் கேட்டு, சமாதானம் பண்ணலாம். சீண்டல் என்பது வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாத ஒருவரிடம் செய்வது. அங்கே இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தால், பலம் உள்ளவன் அந்த அறையிலும் தன் பலத்தைக் காட்டுவான். அந்த விரல் நசுக்கல் அதுதான். மாணவர்களையே நடுவர்களாக வைத்துச் சமாதானம் பேசும் முறையும் சண்டைக்குச் சரி, சீண்டலுக்கு ஆகாது.

பின்லாந்தில் கீவா என்று ஒரு திட்டம், துர்கு பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2009-ல் நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். அதில் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சிறு ஆசிரியர் குழு. புகார் வந்தால் பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் முதலில் தனியாகப் பேசுவார்கள். பிறகு தொல்லை கொடுத்தவர்களை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிடுவார்கள். கூட்டமாகக் கூப்பிட்டால் ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துத் தைரியம் ஏற்றிக்கொள்வான். கொஞ்ச நாள் கழித்து இரண்டு தரப்பையும் மறுபடி கூப்பிட்டு, நின்றதா என்று கேட்பார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் துணையாக இருக்க வகுப்பில் செல்வாக்குள்ள இரண்டு மூன்று பேரிடம் ஆசிரியர் சத்தமில்லாமல் பேசி வைப்பார்.

என்ன தொனியில் பேசுவது என்பதையும் அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். "அவன் எவ்வளவு கஷ்டப்படுகிறான் தெரியுமா" என்று அந்தப் பிள்ளையின் நிலையை உணர வைத்துப் பேசியபோதும், "நீ செய்வது தப்பு, இது நிற்க வேண்டும்" என்று செயலைக் கண்டித்தபோதும் பிள்ளைகளுக்கு நிறுத்தும் எண்ணம் வந்திருக்கிறது. "உன்னால்தான் எல்லாம், நீதான் காரணம்" என்று ஆளைக் குற்றம் சாட்டியதால் பலன் ஒன்றுமில்லை. ஆசிரியர்கள் பெரும்பாலும் பேசுவது மூன்றாவது மாதிரிதான். இதை ஸ்லைடில் போட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். எதிரே ஒருவரை மாணவராக நடிக்க வைத்து, வாய்விட்டுப் பேசச் சொன்னால் அப்போது தெரியும், எவ்வளவு சீக்கிரம் "உனக்கு எத்தனை தடவை சொல்றது" என்று ஆரம்பிக்கிறோம் என்று.

#7 விசில்

பி.டி. மாஸ்டர் பேசுகிறேன். பள்ளியில் எங்கே அடிதடி நடந்தாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஆகவே இதில் எனக்கு டிகிரியே உண்டு :)

சாக்பீஸ் கேட்ட மாடிப்படித் திருப்பத்துக்கு வருகிறேன். சண்டை என்றால் மூன்று கூட்டம் இருக்கும். அடித்துக்கொள்ளும் இருவர், சுற்றி நின்று கத்துபவர்கள், தூரத்திலிருந்து ஓடி வருபவர்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் நேராக அந்த இருவர் நடுவில் பாய்வார்கள். மூக்கு உடைவது ஆசிரியருக்குத்தான். நடுவில் பாயாதீர்கள்.

போகும்போதே பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், சத்தமாக, குட்டையாக. "டேய்" என்று பொதுவாகக் கத்தினால் காதில் ஏறாது, தன் பேர் ஏறும். பாதிப் பேர் ஆசிரியர் வந்துவிட்டார் என்று ஒரு சாக்கு கிடைத்தால் போதும் என்றுதான் அடித்துக்கொண்டிருப்பார்கள். கௌரவம் போகாமல் நிறுத்த அது ஒரு வழி. அடுத்து கூட்டம். பார்க்க ஆள் இல்லாவிட்டால் சண்டையில் பாதி சுருதி போய்விடும். "எல்லோரும் போங்க" என்றால் ஒருவரும் போகமாட்டார்கள். "நீ, நீ, நீ, வகுப்புக்குப் போங்க. நீ ஆபீஸில் போய் ஆள் கூட்டி வா" என்று விரல் காட்டிச் சொல்ல வேண்டும்.

ஒரே ஆளாக இருக்கும்போது ஒருவனை மட்டும் பின்னாலிருந்து கட்டிப் பிடிக்காதீர்கள். நீங்கள் பிடித்து வைக்க, மற்றவன் வந்து அடிப்பான். இரண்டாவது ஆசிரியர் வந்த பிறகு ஆளுக்கு ஒருவராகப் பிரித்து, ஒருவன் கண்ணில் மற்றவன் படாத இரண்டு இடங்களுக்குக் கூட்டிப்போங்கள். ஒருவனை ஸ்டாஃப் ரூமுக்கும் மற்றவனை அதே வராந்தாவில் எதிர்ப்பக்கமும் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்கும். தண்ணீர் கொடுங்கள். உடனே "ஏண்டா அடிச்ச?" என்று விசாரணையில் இறங்காதீர்கள். கை நடுங்கிக்கொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளையும் நிதானமாகப் பதில் சொல்லாது. மூச்சு அடங்கட்டும். அப்புறம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

இதெல்லாம் சொல்லிக் கேட்டால் வராது. ஆசிரியர்களையே மாணவர்களாக நடிக்க வைத்து, அந்த மாடிப்படித் திருப்பத்திலேயே செய்து பார்க்கணும். சிரிப்பாகத்தான் இருக்கும். பரவாயில்லை. தீயணைப்புப் பயிற்சியில் படிக்கட்டில் இறங்கிப் பார்க்கிறோமே, அது மாதிரி.

#8 கடைசிபெஞ்ச்

விசில் சார் சொன்னதற்கு ஒரு சல்யூட். இதுவரை நான் உட்கார்ந்த எந்தப் பயிற்சியிலும் "நடுவில் பாயாதே" என்று யாரும் சொன்னதில்லை.

ஆனால் என் கேள்வி வேறு. ஆசிரியர் மேல் கை வைக்கும் மாணவனுக்கு என்ன வழி? மிரட்டினால்? "வெளியே வா, பார்த்துக்கிறேன்" என்று சொன்னால்? உடனே டி.சி. கொடுத்து அனுப்புவதுதானே நியாயம்?

#9 நடைபயிற்சி

உடனடி வெளியேற்றத்தை அமெரிக்கா ரொம்ப வருடம் பெரிய அளவில் செய்து பார்த்தது. துளியும் சகிப்பதில்லை என்ற கொள்கை. 2008-ல் அந்த நாட்டு உளவியலாளர் சங்கத்தின் குழு ஒன்று இதைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் அலசியது. அந்தக் கொள்கையால் பள்ளிகள் முன்பைவிடப் பாதுகாப்பாயின என்பதற்கு ஆதாரம் இல்லை, வெளியேற்றப்பட்ட பிள்ளைகள் நிலைமைதான் மோசமாகிறது என்று சொல்லிவிட்டது. ஆபத்தான ஒருவனைச் சில நாள் தள்ளி வைக்கவே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. தள்ளி வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் சிக்கல்.

மிரட்டல் விஷயத்தில் ஒரு முக்கியமான தகவல். பள்ளிகளில் நடந்த 37 கொடூரத் தாக்குதல்களை அமெரிக்க அதிபருக்குப் பாதுகாப்புத் தரும் சீக்ரெட் சர்வீஸும் கல்வித் துறையும் சேர்ந்து ஆராய்ந்து 2002-ல் அறிக்கை வெளியிட்டன. தாக்கியவன் இப்படித்தான் இருப்பான் என்று சொல்லப் பொதுவான அடையாளம் எதுவும் கிடையாது. நன்றாகப் படிப்பவனும் இருந்தான், படிக்காதவனும் இருந்தான். ஆனால் 81 சதவீதச் சம்பவங்களில் முன்கூட்டியே குறைந்தது ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் பெரும்பாலும் சக மாணவர்கள்.

ஆக, "யார் ஆபத்தானவன் மாதிரி தெரிகிறான்" என்று ஆசிரியருக்குக் கற்றுக்கொடுப்பது வெட்டி வேலை, சில பிள்ளைகள் மேல் வீண் பழியும் விழும். ஒரு மாணவன் பயமில்லாமல் வந்து "சார், அவன் இப்படிச் சொல்கிறான்" என்று சொல்லக்கூடிய ஆசிரியராக இருக்கக் கற்றுக்கொடுக்கணும். சொன்னவன் பேர் வெளியே வரக் கூடாது. சொன்னதற்கு என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியணும். ஒரு தடவை அவன் பேரை வகுப்பில் போட்டு உடைத்தால் போதும், அடுத்த பத்து வருடத்துக்கு அந்தப் பள்ளியில் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

ஆசிரியரை மிரட்டும் மாணவன் எதிரே இருக்கும்போது என்ன செய்வது என்பதை விசில் சொன்னால் நன்றாக இருக்கும்.

#10 விசில்

சுருக்கமாகச் சொல்கிறேன். நேருக்கு நேர் முகத்தருகே நிற்காதீர்கள், கொஞ்சம் பக்கவாட்டில், கை எட்டும் தூரத்துக்கு வெளியே. உங்கள் கைகள் அவன் கண்ணுக்குத் தெரியட்டும், இடுப்பில் ஊன்றவோ விரலை நீட்டவோ வேண்டாம். அவன் வெளியே போகும் வாசலை மறைக்காதீர்கள். அவன் குரல் ஏற ஏற உங்கள் குரல் இறங்கணும். "இப்ப நீ வெளியே போய் நின்னாலும் சரி, இங்கேயே உட்கார்ந்தாலும் சரி, அப்புறம் பேசலாம்" என்று இரண்டு வழி கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளணும். இந்த வாயை மூடுவதுதான் கஷ்டம். நாற்பது பேர் பார்க்கிறார்கள், கடைசி வார்த்தை நம்முடையதாக இருக்கணும் என்று நாக்கு துடிக்கும். வாத்தியார் புத்தி.

அன்றைக்கே எழுதி ஹெச்.எம்.மிடம் கொடுத்துவிடுங்கள். அடி பட்டிருந்தால் அதற்கு மேலான நடவடிக்கை உங்கள் உரிமை, யாரும் "பையன்தானே" என்று அமுக்க விடாதீர்கள்.

#11 பழைய ஹெச்எம்

எல்லாம் சரி. என் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. பிரம்பு இல்லாமல் ஐம்பது பேரை எப்படி அடக்குவது?

#12 அறை எண் நான்கு

ஐயா, தவிர்க்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன்.

உகாண்டாவில் லுவேரோ மாவட்டத்தில் 42 தொடக்கப் பள்ளிகளில், ஆசிரியர்கள் அடிப்பதைக் குறைக்க ஒரு சோதனை நடந்தது. நல்ல பள்ளிக்கான கருவித் தொகுப்பு என்று பேர். பாதிப் பள்ளிகளுக்கு அது, மீதிக்கு அப்போதைக்கு இல்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் வகுப்பெடுத்துவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களும் இரண்டு மாணவர்களும் முன்னின்று பதினெட்டு மாதம் போல நடத்தினார்கள். 2015-ல் முடிவு வந்தது. முந்தைய வாரத்தில் ஆசிரியரிடமோ பள்ளி ஊழியரிடமோ அடி வாங்கியதாகச் சொன்ன மாணவர்கள், திட்டம் இல்லாத பள்ளிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேர். திட்டம் இருந்த பள்ளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. வகுப்பும் பெரியது, வசதியும் குறைவு, உங்கள் ஐம்பது பேர் கணக்குக்கு ரொம்பத் தூரமில்லை. முழுதாக நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதை நம் தலைப்பில் ஏன் இழுக்கிறேன் என்றால், பள்ளி வன்முறை என்று பேசும்போது நாம் மாணவனை மட்டுமே பார்க்கிறோம். காலையில் கன்னத்தில் அறை வாங்கியவனிடம் மதியம் "அடிப்பது தவறு" என்று பாடம் நடத்தினால் எடுபடுமா? பெரியவன் சின்னவனை அடிக்கலாம், காரணம் மட்டும் சரியாக இருந்தால் போதும் என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்கிறான். மாடியில் சின்னப் பையனை அடிக்கும்போது அவனும் ஒரு காரணம் வைத்திருப்பான். ஆகவே பயிற்சியின் முதல் பகுதி நம் கையைப் பற்றித்தான் இருக்கணும், நம் வாயைப் பற்றியும். "மாடு", "தண்டம்" என்று நாம் வகுப்பில் வைக்கும் பேர்தான் இன்டர்வெல்லில் பட்டப்பெயர் ஆகிறது.

#13 பழைய ஹெச்எம்

வாயைப் பற்றிச் சொன்னது உறைக்கிறது. மற்றதில் எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் பிரம்பு வேண்டாம் என்று சொல்வோர் அதற்குப் பதில் கையில் என்ன கொடுக்கிறீர்கள் என்பதுதான் என் கவலை. "அடிக்காதே" என்று சட்டம் போட்டு, வேறு எதுவும் கற்றுத்தராமல் விட்டால் ஆசிரியர் ஒன்று கத்துவார், இல்லை கண்டுகொள்ளாமல் போவார். இரண்டையும் பார்க்கிறேன்.

#14 நடைபயிற்சி

ஐயா, இப்போது நீங்கள் சொன்னதை அப்படியே பயிற்சியின் முதல் ஸ்லைடாகப் போடலாம். ஸ்வீடன் 1979-ல் வீட்டிலும் அடிக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தபோது சட்டத்தை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. வீடு வீடாகச் சிறு புத்தகம் போனது, பால் டப்பாவில்கூட அச்சடித்தார்கள்.

கையில் என்ன கொடுப்பது? பெரிய வித்தை ஒன்றுமில்லை. வகுப்பு ஆரம்பத்தில் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லி உள்ளே விடுவது. விதிகள் நாலைந்து மட்டும், அதுவும் "செய்யாதே" இல்லாமல் "செய்" என்று. ஒழுங்காக இருக்கும்போது கவனிப்பது. நாம் பொதுவாகக் கலாட்டா பண்ணும்போது மட்டும்தான் அவன் பேரைச் சொல்கிறோம். தண்டனை சின்னதாக, உடனடியாக, எல்லோருக்கும் ஒன்றாக இருப்பது. இதையெல்லாம் ஒரு சக ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்து, அப்புறம் தனியாகச் சொல்வது. இந்தக் கடைசி விஷயம் இல்லாவிட்டால், பயிற்சியில் கற்றது வகுப்பறை வரை வந்து சேராது. குறை கண்டுபிடிக்கும் அதிகாரி இதைச் செய்யக் கூடாது, சக ஆசிரியர்தான் செய்யணும்.

#15 முதல்வருடம்

எல்லோருடையதையும் படித்தேன். நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பத்தாம் வகுப்புப் பையன்கள் என்னைவிட உயரம். பயமாக இருக்கிறது என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னால் "போகப் போகப் பழகிவிடும்" என்கிறார்கள்.

வேறு ஒன்று. போன மாதம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வகுப்பு முடிந்து நின்றாள். "மிஸ், ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றாள். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை, அதற்குள் மணி அடித்து அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னைத் தேடி வரவில்லை. இப்படிக் கேட்டால் என்ன சொல்லணும்?

#16 அறை எண் நான்கு

டீச்சர், இது இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி.

சத்தியம் பண்ணாதீர்கள். "நீ சொல்வதை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரியமாட்டேன். ஆனால் உனக்கு ஆபத்து என்று தெரிந்தால், உதவி செய்யக்கூடிய ஒருவரிடம் சொல்லித்தான் ஆகணும். யாரிடம் சொல்கிறேன் என்று உன்னிடம் முதலில் சொல்வேன்." இதை மனப்பாடமே பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். சில பிள்ளைகள் அப்போது தயங்கும், பெரும்பாலும் சொல்லிவிடும்.

சொல்லும்போது குறுக்கே கேள்வி போடாதீர்கள். "யார்? எத்தனை தடவை? ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று விசாரணை வேண்டாம். கேட்க வேண்டியதைப் பிறகு அதற்கென்று இருப்பவர்கள் ஒரே தடவை கேட்பார்கள். ஒரு பிள்ளை ஐந்து பேரிடம் ஐந்து தடவை சொல்ல நேர்ந்தால் அதுவே இன்னொரு கொடுமை. முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாமல், "நீ சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். அவள் போனதும் அவள் சொன்ன வார்த்தைகளையே, நீங்கள் புரிந்துகொண்டதை அல்ல, தேதி நேரத்தோடு எழுதுங்கள். அன்றைக்கே பள்ளியில் பொறுப்பானவரிடம் கொடுங்கள். வீட்டில் உள்ளவர் மேல்தான் புகார் என்றால், அந்த வீட்டுக்கு நீங்களாகப் போன் பண்ணாதீர்கள்.

உங்கள் மாணவியிடம் மறுபடி பேச வாய்ப்பு இருக்கிறது. நாளைக்கே, தனியாக, மற்றவர்கள் கவனிக்காத மாதிரி: "அன்றைக்கு மணி அடித்துவிட்டது. நீ சொல்ல வந்ததைக் கேட்க எனக்கு நேரம் இருக்கிறது." அவ்வளவுதான். வற்புறுத்த வேண்டாம்.

#17 நெறியாளர்

முதல்வருடம், மாணவி பற்றி இதற்கு மேல் எந்த விவரமும் இங்கே பொதுவில் எழுத வேண்டாம். உங்கள் பள்ளி ஆலோசகரையோ குழந்தை உதவி எண்ணையோ நேரடியாக அணுகுங்கள். மற்றவர்களும் பிள்ளைகள் அடையாளம் தெரியும்படி எழுதாமல் பார்த்துக்கொள்ளவும். இழை நன்றாகப் போகிறது, தொடரட்டும்.

#18 மாடிப்படி

ஒரே ஒரு கேள்வி. என் மகனுக்கு நடந்ததெல்லாம் ஆசிரியர்கள் பார்க்காத இடத்தில்தான். பார்க்காததை எப்படித் தடுப்பார்கள்?

#19 நடைபயிற்சி

கனடாவில் டொராண்டோ பள்ளி மைதானத்தில் டெப்ரா பெப்லரும் வெண்டி கிரெய்க்கும் கேமராவும் பிள்ளைகள் சட்டையில் மைக்கும் வைத்துப் படம் எடுத்தார்கள். மைதானத்தில் நடந்த சீண்டல்களில் ஆசிரியர் தலையிட்டது 4 சதவீதம்தான். "நாங்கள் எப்போதும் தலையிடுகிறோம்" என்று மனப்பூர்வமாக நம்பும் ஆசிரியர்கள்தான் பெரும்பாலும். பொய் சொல்லவில்லை, பார்த்ததில் தலையிட்டிருப்பார்கள், பார்த்தது குறைவு.

ஆனால் சக பிள்ளைகள் பெரும்பாலும் அங்கேயே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் குறுக்கிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை பத்து வினாடிக்குள் நின்றுவிட்டது. ஆக இரண்டு வேலை. பள்ளி வரைபடத்தை மாணவர்கள் கையில் கொடுத்து, எந்த இடத்தில் எந்த நேரத்தில் பயம் என்று பேர் போடாமல் சிவப்பால் குறிக்கச் சொல்லுங்கள். கழிப்பறை, மாடிப்படி, பஸ் ஏறும் இடம் என்று வரும். டியூட்டியை அங்கே மாற்றுங்கள். டியூட்டி என்றால் ஓரமாக நின்று போன் பார்ப்பதல்ல, நடப்பது. இரண்டாவது, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கு எளிதான ஒரு வேலை கொடுப்பது. எதிர்த்து நிற்கச் சொல்ல வேண்டாம், அடி விழும். "வாடா, சார் கூப்பிடுறார்" என்று பாதிக்கப்பட்டவனைக் கூட்டிக்கொண்டு போனால் போதும்.

#20 சாக்பீஸ்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஹெச்.எம்.மிடம் உட்கார்ந்து பேசினேன். இப்படி முடிவாகியிருக்கிறது.

பயிற்சிக்கு ஒரு வாரம் முன்னால் மாணவர்களிடம் வரைபடம் குறிக்கும் வேலை. முதல் அரைநாளில் ஸ்லைடே இல்லை. அந்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, நம் கை, நம் வாய் பற்றிய பேச்சு, பிறகு விசில் சார் முறையில் மாடிப்படியிலேயே ஒத்திகை. வாட்ச்மேன், ஆயாம்மா, வேன் டிரைவர்கள் எல்லோரும் அதில் உண்டு. இரண்டாவது அரைநாள் மூன்று வாரம் கழித்து. சண்டை, சீண்டல் வித்தியாசம், தனித்தனியாகப் பேசிப் பழகுவது, பிள்ளை ரகசியம் சொன்னால் என்ன செய்வது. ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது வாய்விட்டுப் பேசியாகணும். அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை கடைசி பீரியட், நடந்த ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துப் பேசுவது. யார் தப்பு என்று அல்ல, அடுத்த தடவை யார் எங்கே நிற்பது என்று. கடைசிபெஞ்ச் பயந்த மாதிரி அந்தக் குறிப்புகளை யார் மேலும் நடவடிக்கைக்குப் பயன்படுத்துவதில்லை என்று ஹெச்.எம். எழுதியே கொடுத்துவிட்டார்.

#21 கடைசிபெஞ்ச்

எழுதிக் கொடுத்தாரா? அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொல்கிறேன். எங்கள் ஹெச்.எம்.மிடம் காட்ட எனக்கும் ஒரு பிரதி வேண்டும்.

#22 விசில்

ஒத்திகையில் ஒரு எச்சரிக்கை. ஆசிரியர்கள் மாணவராக நடிக்கும்போது ரொம்பவே ரசித்து நடிப்பார்கள், நிஜமாகவே சட்டை கிழியும். ஒருவரை ஒருவர் தொடாமல் சத்தம் மட்டும் போடச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டவர்கள் கழற்றி வைத்துவிடட்டும்.

#23 பழைய ஹெச்எம்

வேன் டிரைவர்களைச் சேர்த்தது நல்ல யோசனை. வேனில் நடப்பது பள்ளிக்கு வந்து சேர்வதே இல்லை. அவர்கள் காலையிலும் மாலையிலும் ஓட்டிக்கொண்டிருப்பார்கள், ஆகவே அரைநாளை மதியத்துக்கு முன்னால் வைத்து, அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் கூப்பிட்டால் வரமாட்டார்கள்.